எழுதப்படாத பங்கு: நெல்லைச் சீமையின் ஜமீன் முதல் துணை நிறுவனம் வரை சிறுபான்மை உரிமையின் கணக்கு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சொத்தின் கட்டுப்பாடு ஒருவரிடமும் அதன் உரிமை பலரிடமும் இருக்கும்போது, கட்டுப்பாடு பெறாதவரின் பங்கு கணக்கில் எங்கே எழுதப்படுகிறது? துணை நிறுவனங்களில் உள்ள சிறுபான்மைப் பங்குதாரரைக் குறித்துக் கணக்கியல் எழுப்பும் இக்கேள்வி, நிறுவனச் சட்டம் வருவதற்கு முன்பே தென்தமிழகத்தின் களத்துமேட்டிலும் ஜமீன் வழக்குகளிலும் எழுந்தது. இளையரசனேந்தல் வட்டாரத்தை உள்ளடக்கிய பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் தொடங்கி, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1956ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 2001க்குப் பிந்தைய கணக்கியல் தரங்கள் ஆகியவற்றினூடே அக்கேள்வியின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மேல்வாரம், மேரை, பிரிவினைக்குட்படாத ஜமீன், நிர்வாக ஏஜென்சி, துணை நிறுவனம், ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கை

களத்துமேட்டுக் கணக்கு

சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்த இளையரசனேந்தல், திருநெல்வேலி மாவட்டத்தின் ஜமீன்களுள் ஒன்று. கரிசல் நிலம், பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மண். பிற்காலத்தில் இதன் குறுவட்டம் வருவாய்த் துறையில் தூத்துக்குடி மாவட்டக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அதன் பின்னரும் அங்குள்ள ஊராட்சிகள் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நெடுங்காலம் நீடித்தன. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சி அலுவலுக்கு இன்னொரு மாவட்டம் என மக்கள் அலைந்தது தனிக்கதை. உரிமை ஓரிடத்திலும் நிர்வாகம் வேறிடத்திலும் இருப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதற்காக மட்டும் இங்குக் குறிக்கப்படுகிறது.

ஜமீன் காலத்தில் புன்செய்க்குப் பெரும்பாலும் பணத் தீர்வை. குளத்துப் பாசன நன்செய்யில் விளைச்சல் களத்திலேயே வாரமாகப் பிரிக்கப்பட்டது. ஆள்பவருக்கு உரியது மேல்வாரம். பயிரிடுபவருக்கு உரியது குடிவாரம். இவ்விரண்டையும் பிரிப்பதற்கு முன்பே பொலியிலிருந்து கழிக்கப்பட்டவை மேரையும் சுதந்திரமும். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், நீர்பாய்ச்சி, கோயில் முதலியோருக்கு உரிய இப்பங்குகளைக் கணக்கர் தனித்தனி வரிகளாக எழுதினார். கழித்த பின் எஞ்சியதே வாரத்துக்கு வந்தது.

இம்முறையைச் சமத்துவத்தின் சான்றாகக் காட்டுவது பிழை. மேரை பெற்றவர் களத்தின் விளிம்பில் நின்றே அதைப் பெற்றார். அளவை நிர்ணயித்தவர் அவரல்லர். எனினும் கணக்கெழுதும் முறை என்ற அளவில் இதில் நுட்பமான ஒரு பாகுபாடு உண்டு. மேரை, பங்கீட்டுக்கு முன் தீர்க்க வேண்டிய கடமை. இன்றைய இருப்புநிலைக் குறிப்பில் அதற்கு இணையானது பொறுப்பு. குடிவாரமோ விளைச்சலின் உரிமையிலேயே ஒரு கூறு. இன்றைய சொல்லில் உரிமை முதல். குடிவாரம் வெறும் கூலியன்று, நிலத்தின்மீதான உரிமையே என்பதை 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஏற்றது. சிறிய பங்கு கடமையா, உரிமையா? துணை நிறுவனச் சிறுபான்மையினரைப் பற்றி இருபதாம் நூற்றாண்டுக் கணக்கியலாளர் நடத்திய வாதம் முழுவதும் இவ்வினாவைச் சுற்றியதே.

பிரிவினைக்குட்படாத சொத்து

குடிகளுக்கும் ஜமீன்தாருக்கும் இடையிலான பங்கு ஒருபுறம் இருக்க, ஜமீன் குடும்பத்துக்குள்ளேயே மற்றொரு சிக்கல் இருந்தது. எட்டயபுரம், சிவகிரி போன்ற பெரிய ஜமீன்கள் பிரிவினைக்குட்படாதவை. மூத்தவர் ஒருவரே பட்டமேற்று முழுச் சொத்தையும் ஆண்டார். இளையவர்களுக்குக் கிடைத்தது பராமரிப்பு. அவர்கள் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்கள். ஆயினும் தம் பாகத்தைப் பிரித்துக் கேட்க இயலாது. இப்படிப்பட்டவருக்கு அச்சொத்தில் உரிமை உண்டா?

1888இல் சர்தாஜ் குவாரி வழக்கில் பிரிவி கவுன்சில் தந்த விடை கடுமையானது. பிரிவினை கோரும் உரிமை இல்லாத இடத்தில் கூட்டுரிமையும் இல்லை. ஆகவே பட்டத்தில் உள்ளவர் சொத்தை விற்கலாம் என்பது அதன் சாரம். வழக்கு வடநாட்டைச் சேர்ந்தது. அதிர்வு சென்னை மாகாணம் வரை வந்தது. கடனில் மூழ்கிய ஜமீன்கள் கைமாறிவிடும் என்ற அச்சத்தில் மாகாணச் சட்டமன்றம் முதலில் 1902இலும், பின்னர் நிலையான வடிவில் 1904இலும் பிரிவினைக்குட்படாத எஸ்டேட் சட்டத்தை இயற்றி, பட்டத்தாரின் விற்கும் உரிமைக்கு வரம்பு கட்டியது. 1918இல் பித்தாபுரம் வழக்கில் பிரிவி கவுன்சில் மேலும் ஒரு படி சென்று, பராமரிப்பு உரிமையும் கூட்டுரிமையிலிருந்து பிறப்பதன்று என்றது. 1932இல் சிவப்பிரசாத் சிங் வழக்கில்தான், பிரிவினைக்குட்படாமை குடும்பச் சொத்து என்ற தன்மையை முற்றாக அழித்துவிடவில்லை, வாரிசுரிமை அளவிலேனும் அது எஞ்சுகிறது என்ற நிலை உறுதிப்பட்டது.

நாற்பதாண்டுக் காலம் நீதிமன்றங்கள் உண்டு, இல்லை என்று விவாதித்த அப்பங்கைக் கடைசியில் எண்ணாக மாற்றியது ஜமீனை ஒழித்த சட்டமே. 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் எஸ்டேட்டுகளை அரசுடைமையாக்கி, அடிப்படை ஆண்டுத் தொகையின் பன்னிரண்டரை மடங்கிலிருந்து முப்பது மடங்கு வரை, சிறிய எஸ்டேட்டுக்கு மிகுதியாகவும் பெரியதற்குக் குறைவாகவும், இழப்பீடு நிர்ணயித்தது. பிரிவினைக்குட்படாத எஸ்டேட்டின் இழப்பீட்டை எப்படிப் பகிர்வது என்பதை 45ஆம் பிரிவு வகுத்தது. முதலில் கடன்காரர். எஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் பராமரிப்பு உரிமையாளர். அதன்பின் எஞ்சிய தொகை, அறிவிக்கை நாளன்று கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்தது போலக் கருதப்பட்டு, பட்டத்தாருக்கும் அவர் புதல்வர் உள்ளிட்ட ஏனைய பங்காளிகளுக்கும் பகிரப்பட்டது.

இவ்வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. பராமரிப்பு உரிமையாளர் கடன்காரருக்குக் கீழே, பங்காளிகளுக்கு மேலே நிறுத்தப்பட்டார். பொறுப்பும் அல்லாத, உரிமை முதலும் அல்லாத இந்த இடைநிலையே, அரை நூற்றாண்டுக்குப் பின் இந்தியக் கணக்கியல் தரம் சிறுபான்மைப் பங்குதாரருக்குத் தந்த இடமும் ஆகும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற ஆதாரமில்லை. ஒரே சிக்கலுக்குச் சட்டவறிஞரும் கணக்கறிஞரும் தனித்தனியே ஒரே தற்காலிக விடையைக் கண்டனர் எனக் கொள்வதே தகும்.

ஆலைகளும் நிர்வாக ஏஜென்சியும்

தென்மாவட்டங்களின் கரிசல் பருத்தி நவீன மூலதனத்தைச் சந்தித்த களங்களுள் முதன்மையானவை ஹார்வி ஆலைகள். பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு 1880களில் தொடங்கிய ஆலை, தூத்துக்குடியின் கோரல் ஆலை, 1892 முதல் நூல் நூற்ற மதுரை ஆலை ஆகியவை தனித்தனி நிறுவனங்கள்; நிர்வாகம் மட்டும் ஏ. அண்டு எஃப். ஹார்வி என்ற ஒரே ஏஜென்சியிடம் இருந்தது. பின்னர் இவை மதுரை ஆலை நிறுவனத்துக்குள் ஒன்றிணைந்தன.

நிர்வாக ஏஜென்சி முறையின் அடிப்படை, பெரும்பான்மைப் பங்கு இல்லாமலேயே முழுக் கட்டுப்பாட்டைப் பெறுவது. ஒப்பந்தமே அதன் ஆயுதம். ஏஜென்சி, ஆலையின் தாய் நிறுவனம் அன்று. ஆலை அதன் துணை நிறுவனமும் அன்று. எனவே இரண்டின் கணக்கையும் ஒன்றாக எழுதும் தேவை சட்டத்தின் பார்வையில் எழவேயில்லை. அமெரிக்காவில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் 1902ஆம் ஆண்டுக்கே ஒருங்கிணைந்த கணக்கை வெளியிட்டது. அங்குக் கட்டுப்பாடு பங்குடைமை வழியே நடந்தது. இந்தியாவில் அது ஒப்பந்தம் வழியே நடந்தது. ஒருங்கிணைந்த கணக்கு இந்தியாவுக்குக் காலந்தாழ்ந்து வந்ததற்குக் கணக்கர்களின் பின்தங்கல் காரணமன்று. கட்டுப்பாட்டின் வடிவமே வேறாக இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

1936ஆம் ஆண்டுத் திருத்தம் துணை நிறுவனம் என்ற கருத்தை 1913ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, துணை நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைத் தாய் நிறுவனத்தின் கணக்கோடு இணைக்கச் சொன்னது. அதே திருத்தம் ஏஜென்சியின் காலத்தை இருபது ஆண்டுகளாக வரையறுத்தது. 1956ஆம் ஆண்டின் சட்டம் ஏஜென்சியின் ஊதியத்தை நிகர இலாபத்தில் பத்து விழுக்காட்டுக்குள் அடக்கியது. 1970 ஏப்ரல் 3 முதல் அம்முறையே ஒழிந்தது. அதன்பின் ஒரு குழுமத்தைக் கட்டிக்காக்கப் பங்குடைமை ஒன்றே வழியாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1974இல், மதுரை ஆலை நிறுவனம் ஜே. அண்டு பி. கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பிரிவு

இங்கிலாந்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் கடன் பெற்றவை பல. குழுமக் கணக்குக் கட்டாயம் அவற்றில் சேரவில்லை. 4ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு அமைப்பைக் கட்டுப்படுத்தினாலோ அதன் சாதாரணப் பங்கு முதலில் பாதிக்கு மேல் வைத்திருந்தாலோ அது துணை நிறுவனம். 212ஆம் பிரிவின்படி, துணை நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு தனித்தாளாக இணைக்கப்படும். அதனுடன் தாய் நிறுவனத்தின் பங்களவைக் காட்டும் ஓர் அறிக்கையும் சேரும்.

அந்த அறிக்கை கேட்டது ஒன்றே: துணை நிறுவனத்தின் நிகர இலாபத்தில் தாய் நிறுவன உறுப்பினர்களைச் சார்ந்த அளவு எவ்வளவு? ஏனையோரைச் சார்ந்த அளவை அது கேட்கவில்லை. அறுபது விழுக்காடு எழுதப்பட்டது. நாற்பது விழுக்காடு கழித்தலின் எச்சமாக, எங்கும் எழுதப்படாமல் நின்றது. அதை அறிய விரும்பும் வாசகர் இணைப்புத் தாள்களைப் புரட்டித் தாமே கணக்கிட வேண்டும்.

துணை நிறுவனத்தின் சிறு பங்குதாரருக்கு அந்நிறுவனத்தின் சொந்தக் கணக்கே போதுமே, குழுமக் கணக்கில் அவருக்கு இடம் எதற்கு என்ற எதிர்வாதம் வலுவுடையது. விடை இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. தாய் நிறுவனத்துக்குக் கடன் தரும் வங்கிக்கு, குழுமம் காட்டும் சொத்தில் எவ்வளவு தாய் நிறுவனத்துக்கு உரியதன்று என்பது தெரிந்தாக வேண்டும். சிறு பங்குதாரரின் நிலை இன்னும் நுட்பமானது. தாயும் சேயும் தமக்குள் எந்த விலைக்கு வாங்கி விற்கின்றன, ஈவுத்தொகையை எப்போது அறிவிக்கின்றன என்பவற்றை முடிவு செய்பவர் எதிர்த்தரப்பில் இருக்கிறார். துணை நிறுவனத்தின் தனிக்கணக்கு அம்முடிவின் விளைவைக் காட்டும். அதனால் குழுமம் அடைந்த பயனைக் காட்டாது.

கேத்தி ஊசித் தொழிற்சாலை வழக்கு

சிறுபான்மை என்பது நிலையான அடையாளமன்று என்பதை நீலகிரியின் கேத்தியில் இயங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு காட்டியது. ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் முழு உடைமையாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில், 1970களின் நடுவில் அறுபது விழுக்காடு இங்கிலாந்துத் தாய் நிறுவனத்திடமும் நாற்பது விழுக்காடு இந்தியரிடமும் இருந்தது. அத்தாய் நிறுவனத்தின் உரிமையும் கோட்ஸ் தரப்புக்கும் நியூவே தரப்புக்கும் இடையே சரிபாதியாகப் பகிர்ந்திருந்தது. பாபநாசம் ஆலையைத் தன் வரலாற்றில் கொண்ட அதே கோட்ஸ் குழுமம் இங்கும் வருவது தற்செயலே.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுப் பங்கை நாற்பது விழுக்காட்டுக்குள் கொணரக் கோரியது. 1977இல் இயக்குநர் குழு உரிமைப் பங்குகளை வெளியிட்டது. அவை இந்தியப் பங்குதாரரிடம் சென்றன. பெரும்பான்மையாக இருந்த தாய் நிறுவனம் சிறுபான்மையாயிற்று. துணை நிறுவனம் துணை நிறுவனமாக இருப்பதையே விட்டது. தாய் நிறுவனம் ஒடுக்குமுறை எனக் குற்றஞ்சாட்டியது. 1981இல் உச்ச நீதிமன்றம் பங்கு வெளியீடு செல்லும் என்றது. ஆனால் சந்தை மதிப்பைவிடக் குறைந்த முகமதிப்பில் பங்கு பெற்றவர்கள், தாய் நிறுவனத்துக்கு உரியதாக இருந்த பங்குகளின் அளவுக்கு, அந்த வேறுபாட்டை அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இத்தீர்ப்பு நிறுவன மேலாண்மை நூல்களில் இயக்குநரின் கடமை பற்றியதாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. கணக்கியல் நோக்கில் அதன் இரண்டாம் பகுதியே முதன்மையானது. கட்டுப்பாட்டை இழந்தது சட்டப்படி சரி; மதிப்பை இழந்ததற்கு ஈடு வேண்டும் என, கட்டுப்பாட்டையும் மதிப்பையும் நீதிமன்றம் வெவ்வேறாகப் பிரித்து எடைபோட்டது. நிறுவனச் சட்டத்தின் கணக்கு வடிவங்களில் அப்போது அப்பிரிப்புக்கு இடமில்லை.

இடைநிலையிலிருந்து உரிமை முதலுக்கு

இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் வெளியிட்ட 21ஆம் கணக்கியல் தரம் 2001 ஏப்ரல் 1 அன்றோ அதன் பின்னரோ தொடங்கும் ஆண்டுகளுக்கு வந்தது; பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குச் செபி அதைக் கட்டாயமாக்கியது. தாயின் சொத்தோடு சேயின் சொத்து முழுவதும் கூட்டப்பட்டது. தாயின் முதலீடும் சேயின் பங்கு முதலும் ஒன்றையொன்று கழித்தன. எஞ்சியது ‘சிறுபான்மையினர் பங்கு’ என்ற தனி வரியாயிற்று. பொறுப்புகளிலிருந்தும் தாய் நிறுவனப் பங்குதாரரின் உரிமை முதலிலிருந்தும் பிரித்து அதைக் காட்டவேண்டும் என்றது தரம். இதுவே மேற்சொன்ன இடைநிலை.

இடைநிலையின் பலவீனம் நட்டத்தின்போது வெளிப்பட்டது. ஒரு துணை நிறுவனத்தின் நிகரச் சொத்து 100 இலட்சம் ரூபாய். சிறுபான்மைக்கு 40 விழுக்காடு எனக் கொள்வோம். ஓராண்டில் 120 இலட்சம் நட்டம். விகிதப்படி சிறுபான்மையினர் ஏற்க வேண்டியது 48 இலட்சம். அவர்கள் வரியில் இருப்பதோ 40 இலட்சம். மிகுந்த 8 இலட்சத்தை, ஈடுசெய்யும் கடப்பாடு சிறுபான்மையினருக்கு இல்லாதவரை, 21ஆம் தரம் தாய் நிறுவனத்தின் தலையில் ஏற்றியது. கடன்காரரைப் போல அவர்கள் பூச்சியத்துக்குக் கீழே செல்லாதவர்கள் என்பது இதன் உட்பொருள்.

2016–17 முதல் பெரிய நிறுவனங்களுக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 110 இதை மாற்றியது. அதே நட்டத்தில் 48 இலட்சமும் சிறுபான்மைக்கே. அவர்கள் வரி எதிர்மறையாக 8 இலட்சம் காட்டும். பெயரும் மாறிக் ‘கட்டுப்பாடு பெறாத பங்கு’ ஆயிற்று. இடமும் மாறி உரிமை முதலுக்குள் சென்றது. குழுமத்தைத் தனி அமைப்பாகவும் அதன் பங்குதாரர் அனைவரையும் உரிமையாளராகவும் பார்க்கும் இக்கொள்கையை மாரிஸ் மூனிட்சு 1944இலேயே நூலாக வரைந்திருந்தார். குடிவாரம் மேரையன்று என்று ஏற்க 1908 வரை காத்திருந்த நாட்டில், சிறுபான்மைப் பங்கு பொறுப்பன்று என்று ஏற்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதனிடையே 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 129ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவால் ஒருங்கிணைந்த அறிக்கையைச் சட்டக் கடமையாக்கியது. மூன்றாம் அட்டவணை ஒவ்வொரு துணை நிறுவனத்தின் பங்கையும் எழுதச் சொல்லி, அவற்றோடு எல்லாத் துணை நிறுவனங்களின் சிறுபான்மையினர் பங்குக்கும் ஒரு வரி ஒதுக்கியது. 212ஆம் பிரிவு எழுதாமல் விட்டது அங்கே எழுதப்பட்டது.

திருக்குறுங்குடி வழிவந்த ஒரு குழுமம்

இவ்வரியின் எடையை உணர்த்தத் திருநெல்வேலிச் சீமையோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழில், தலைமுறைகளில் பல நிறுவனங்களாகக் கிளைத்தது. குடும்பக் கிளைகள் தத்தம் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களின் உரிமையையும் தாமே பெற 2020 டிசம்பரில் உடன்பாடு செய்தன. ஆண்டவர் ஒருவர், உரியவர் பலர் என்ற நிலையைப் பாகம் பிரித்துத் தீர்க்கும் ஏற்பாடு அது. இம்முறை இழப்பீட்டு நடுவர் மன்றத்தின் இடத்தில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் இருந்தது.

அக்குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், டிவிஎஸ் மோட்டாரில் நெடுங்காலம் 57.40 விழுக்காடு வைத்திருந்தது. பின்னர்ப் படிப்படியாக விற்று, டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் எனப் பெயர் மாறிய 2023இல் அது 50.26 விழுக்காட்டில் நின்றது. விற்பனையின் ஒவ்வொரு படியிலும் இருசக்கர வண்டி நிறுவனத்தின் வருவாய் முழுவதும் தாய் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த கணக்கில் அப்படியே இருந்தது. மாறியது கட்டுப்பாடு பெறாத பங்கின் வரி மட்டுமே. கட்டுப்பாடு கைவிட்டுப் போகாதவரை, துணை நிறுவனப் பங்கை விற்றதால் வரும் ஆதாயம் ஒருங்கிணைந்த இலாப நட்டக் கணக்குக்குச் செல்லாது. உரிமையாளருக்குள் நடந்த பரிமாற்றமாக உரிமை முதலிலேயே பதியப்படும் என்பது 110ஆம் தரத்தின் விதி. அரை விழுக்காட்டுக்கும் குறைவான மிகுதியே கட்டுப்பாட்டைத் தாங்கி நிற்க, 49.74 விழுக்காடு பிறருடையது.

டிவிஎஸ் மோட்டார் பட்டியலிடப்பட்ட நிறுவனம். அதன் சிறு பங்குதாரர் தம் பங்கைச் சந்தை விலைக்கு விற்று வெளியேறலாம். பிரிவினை கேட்க முடியாத ஜமீன் இளவல்களுக்கு இல்லாத வாய்ப்பு இது. பட்டியலிடப்படாத துணை நிறுவனத்தின் சிறு பங்குதாரருக்கு அவ்வாய்ப்பும் அரிது. அவர் பங்கைத் துணை நிறுவனம் கைப்பற்றப்படும் நாளின் நியாய மதிப்பில் எழுதுவதா, நிகரச் சொத்தின் விகிதப்படி எழுதுவதா என்பதை ஒவ்வொரு கையகப்படுத்தலிலும் முடிவு செய்து கொள்ள 103ஆம் தரம் அனுமதிக்கிறது. விகிதப்படி எழுதினால் நற்பெயரின் மதிப்பில் அவருக்கு இடமில்லை. நியாய மதிப்பில் எழுதினால் உண்டு. அத்தேர்வைச் செய்பவர் கையகப்படுத்திய தாய் நிறுவனமே.